ஸ்கொயர்புஷரின் ‘ஹார்ட் நார்மல் டாடி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம்? யாருடையது?

டாம் ஜென்கின்சன் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் ‘ஸ்கொயர்புஷர்’ என்ற பெயரில் இசை வெளியிடுகிறார். அவருடைய இரண்டாவது முழு ஆல்பம் இது. வார்ப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் 1997 ஏப்ரல் 28 அன்று வெளியிட்டது. மொத்தம் 12 ட்ராக். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடும். ட்ரம் அண்ட் பேஸ் என்ற நடன இசையோடு ஜாஸைக் கலந்த ஆல்பம், பாடகர் யாரும் கிடையாது.

ஜென்கின்சன் பிறந்தது 1975 ஜனவரியில். ஆல்பம் கடைக்கு வந்தபோது அவருக்கு வயது 22. ஊர் செம்ஸ்ஃபோர்டு, லண்டனுக்கு வடகிழக்கே எஸ்ஸெக்ஸில் இருக்கிறது. மார்கோனி 1899-இல் வானொலிக் கருவிகள் செய்யத் தொழிற்சாலை தொடங்கிய ஊர் அது. எலெக்ட்ரானிக்ஸோடு அவ்வளவு பழைய உறவுள்ள ஊரிலிருந்து இப்படி ஓர் ஆல்பம் வந்தது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

ட்ரம் அண்ட் பேஸ் என்றால் என்ன? கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் உருவான நடன இசை. ஹெவன் என்ற கிளப்பில் நடந்த ‘ரேஜ்’ இரவுகளில் ஃபேபியோ, க்ரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் பழைய ஃபங்க் பாட்டுகளின் டிரம் பகுதிகளை வேகமாக்கி ஓட்டும் இசைத்தட்டுகளைத் தொடர்ந்து போட்டார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கம், அதாவது வயிற்றில் அதிரும் பேஸை ஆளுயர ஸ்பீக்கரில் கேட்கும் பழக்கம், இதோடு சேர்ந்தது. முதலில் ஜங்கிள் என்றார்கள். அப்புறம் ட்ரம் அண்ட் பேஸ் என்ற பெயர் நிலைத்தது.

வேகம் நிமிடத்துக்கு 160 முதல் 175 அடி வரை இருக்கும். டிரம் அந்த வேகத்தில் ஓடும்போது பேஸ் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில் நடக்கும். அதனால்தான் இந்த இசையைக் கேட்கும்போது அவசரமும் நிதானமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. முதல்முறை கேட்கிறவர்கள் டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஐயோ, என்ன வேகம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பேஸோடு சேர்ந்து தலையாட்டிப் பாருங்கள், மூச்சு சீராகிவிடும்.

ஜாஸ் என்றால் சாக்ஸஃபோன், ட்ரம்பெட்தானே? இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது?

இந்த ஆல்பத்தைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எழுபதுகளின் மின்சார ஜாஸைத் தெரிந்துகொண்டால் பதில் சுலபம். மைல்ஸ் டேவிஸ் 1969 ஆகஸ்டில் பதிவுசெய்து 1970-இல் வெளியிட்ட ‘பிட்சஸ் ப்ரூ’, ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973), வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977), இவையெல்லாம் எலெக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர், பேஸ் கிட்டார் கொண்டு செய்த ஜாஸ். ஃப்யூஷன் என்று சொல்வோமே, அதுதான். ‘பிட்சஸ் ப்ரூ’வில் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாலின்தான் பின்னாளில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவை நடத்தியவர். ஆக, இந்த வம்சம் நமக்கு ரொம்பத் தூரமில்லை.

ஜென்கின்சன் எடுத்துக்கொண்டது அந்த ஃப்யூஷனை. முதல் ட்ராக் ‘கூப்பர்ஸ் வேர்ல்டு’ தொடங்கியதும், எழுபதுகளின் போலீஸ் தொடர் ஒன்றின் முகப்பு இசை போல நிமிர்ந்து நடக்கும் மெட்டு கேட்கும். மேஜர், மைனர் என்று மூன்று சுரத்தோடு நின்றுவிடாமல், அதன் மேல் இன்னும் ஒன்றிரண்டு சுரங்களை அடுக்கி நகரும் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்). நடன இசையில் ஒரே கார்டை எட்டு நிமிடம் பிடித்துக்கொண்டிருப்பது சகஜம். இங்கே அடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் கார்டு மட்டும் ஜாஸ் ஆகிவிடாது. ட்ரம் அண்ட் பேஸ் மேல் ஜாஸ் கார்டைப் பூசிய இசைத்தட்டுகள் அந்தச் சமயத்தில் ஏராளமாக வந்தன. இனிமையாகத்தான் இருந்தன, பலவும் இன்று நினைவில் இல்லை. இந்த ஆல்பத்தில் ஜாஸ் டிரம்மில் இருக்கிறது. டிரம்தான் இங்கே முன்னணி வாத்தியம். ஒரு வரி சொல்லும், அதையே திருப்பிச் சொல்லும், மூன்றாம் முறை பாதியில் உடைத்து வேறு பக்கம் போகும், பேஸ் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்ததும் மற்றவர்கள் ஒதுங்கி மிருதங்கத்துக்கு இடம் விடுவார்கள் இல்லையா? இந்த ஆல்பத்தில் தனி முதல் நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. மற்ற வாத்தியங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகின்றன.

அந்த டிரம்மை யாருமே வாசிக்கவில்லையே, வெட்டி ஒட்டியதுதானே? அதை எப்படி ஜாஸ் என்பது?

நியாயமான கேள்வி. ஜாஸின் உயிர் மனோதர்மத்தில்தான் இருக்கிறது, அந்த நொடியில் தோன்றுவதில் இருக்கிறது என்பார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்து துண்டு துண்டாக அடுக்கியதில் அது எப்படி வரும்?

மேலே சொன்ன ‘பிட்சஸ் ப்ரூ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். குழு ஸ்டூடியோவில் வாசித்தது, உண்மைதான். ஆனால் தயாரிப்பாளர் டியோ மசேரோ அந்த நாடாக்களைப் பல இடங்களில் வெட்டி, சில பகுதிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி, வரிசையை மாற்றித்தான் நாம் கேட்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஃபேரோஸ் டான்ஸ்’ அப்படி ஒட்டுகளால் ஆனது. ஜாஸின் பெரிய ஆல்பங்களில் ஒன்றே கத்தரியும் சேர்ந்து செய்ததுதான். அதை ஜாஸ் என்று ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் தள்ளிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. ஜென்கின்சன் பேஸ் கிட்டார் வாசிப்பவர். டிரம்மும் வாசிக்கத் தெரிந்தவர். ஒரு டிரம்மரின் கை எங்கே தயங்கும், எங்கே முந்தும் என்று உடம்பால் தெரிந்தவர் அடுக்கிய டிரம் இது. மனிதக் கையால் முடியாத வேகத்துக்குப் போகும்போதும் ஒரு மனிதனின் யோசனை அதில் கேட்கிறது. இந்த ஆல்பத்தின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

‘ஆமென் ப்ரேக்’ என்கிறார்களே, அது என்ன?

ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் இரண்டுக்கும் அஸ்திவாரம் அதுதான். ஸ்கொயர்புஷரின் அந்தக் காலப் பாட்டுகளிலும் அதன் துண்டுகள் நிறையவே உண்டு.

தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு 1969-இல் ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்ற பாட்டை வெளியிட்டது. பாட்டு ஹிட். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற வாத்தியப் பாட்டு இருந்தது. அதன் நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்திவிட, டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு பார் (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று ஒரு பார்) வாசிக்கிறார். சுமார் ஏழு விநாடி, அவ்வளவுதான்.

அந்த ஏழு விநாடியைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு பாரும் ஒரே மாதிரி. மூன்றாவதில் கடைசி ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) அடி கொஞ்சம் தாமதமாக விழுகிறது. நான்காவதில் முதல் அடி விழ வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, முடிவதற்குள் சிம்பல் ஒன்று முந்திக்கொண்டு சிதறுகிறது. பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் மெல்லத் தட்டும் சின்னச் சின்ன அடிகள் வேறு. இவ்வளவு வகை அந்தச் சின்ன இடத்துக்குள் இருப்பதால்தான் வெட்டி மாற்றி அடுக்குகிறவர்களுக்கு அது தீராத சுரங்கமாக அமைந்தது.

இதன் இன்னொரு பக்கம் வருத்தமானது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒலித்த அந்த அடிக்காகக் கோல்மனுக்கு ஒரு காசும் வரவில்லை. 2006-இல் அட்லாண்டாவில் வீடில்லாத நிலையில் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015-இல் இணையத்தில் நிதி திரட்டினார்கள், சுமார் 24,000 பவுண்ட் சேர்ந்தது. இந்த இசைவகையை நேசிக்கிறவர்கள் கோல்மனின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதாவது வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலை நீட்டினேன்.

1997-இல் இதையெல்லாம் எப்படிச் செய்தார்? கம்ப்யூட்டரிலா?

இன்று லேப்டாப் திரையில் ஒலி அலையைப் பார்த்துக்கொண்டே வெட்டலாம். அன்று அவர் அறையில் இருந்தவை ஆகாய் எஸ்950 என்ற சாம்ப்ளர் (ஒலியைப் பதிவுசெய்து, துண்டாக்கித் திரும்ப ஒலிக்க வைக்கும் கருவி), பாஸ் டிஆர்-660 என்ற டிரம் மெஷின் போன்றவை. எஸ்950 என்பது 1988-இல் வந்த 12 பிட் கருவி. நினைவகத்தைக் கூட்டிக்கொண்டாலும் 2.25 மெகாபைட்தான். இன்று மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் அதைவிடப் பெரியதாக இருக்கும். ஒலி அலை எதையும் காட்டாத சின்ன எழுத்துத் திரை. வெட்ட வேண்டிய புள்ளியை எண்களாகத்தான் கொடுக்க வேண்டும். சரியான இடமா என்று சொல்ல வேண்டியது காது.

வேலை இப்படிப் போகும். டிரம் பகுதியைச் சாம்ப்ளருக்குள் பதிவுசெய்துகொள்வது. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு துண்டு, ஸ்நேர் ஒரு துண்டு, ஹை-ஹேட்டோடு (இரட்டைச் சிம்பல்) சேர்ந்த மெல்லிய அடி ஒரு துண்டு என்று பிரிப்பது. ஒவ்வொன்றையும் ஒரு கட்டைக்கு ஒதுக்குவது. அப்புறம் எந்தத் துண்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்று சீக்வென்சரில் வரிசையாக எழுதுவது.

வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆமென் ப்ரேக்கின் அசல் வேகம் ஏறக்குறைய 137. அதை 165-க்கு ஓட்டினால் ஏழு விநாடி ஆறுக்கும் கீழே சுருங்கிவிடும், டிரம்மின் சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகவே ஏறிவிடும். ஜங்கிளில் ஸ்நேர் அவ்வளவு கூர்மையாக, டப்பாவைத் தட்டுவதுபோலக் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தனித்தனித் துண்டாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் விரும்பிய சுருதி கொடுக்கலாம். ஸ்நேரை ஒவ்வொரு படியாக இறக்கி மெட்டுப் போலவே வாசிக்கலாம். இந்த ஆல்பத்தில் அது நிறைய நடக்கிறது. ஒரு ஸ்நேர் விநாடிக்குப் பல முறை அடித்து, அடியும் அடியும் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் ‘ர்ர்ர்’ என்று ஒரு சுரமாகவே மாறிவிடும் இடங்களைக் காது கொடுத்துத் தேடுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் பேஸ் கிட்டார் மட்டும் கையால் வாசித்தது. அந்தக் கலவைதான் ருசி.

பேஸ் வாசிப்பை எல்லோரும் ஜாகோ பாஸ்டோரியஸோடு ஒப்பிடுகிறார்களே?

வெதர் ரிப்போர்ட் குழுவில் வாசித்தவர் ஜாகோ. பேஸ் கிட்டாரைப் பின்னணியிலிருந்து முன்னால் இழுத்துவந்து மெட்டு வாசிக்கும் வாத்தியமாக ஆக்கியவர் என்று தயங்காமல் சொல்லலாம். ஃப்ரெட்டுகள் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள்) இல்லாத பேஸில் அவர் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது குரல் மாதிரியே இருக்கும். 1987-இல் 35 வயதில் இறந்தார்.

ஜென்கின்சனின் விரலில் அந்தச் சாயல் உடனே கேட்கும். வேகமான பதினாறாம் சுரங்கள், நடுவில் சட்டென்று அமுக்கி நிறுத்தும் சுரங்கள், மேல் ஸ்தாயியில் கார்டு வாசிப்பது, எல்லாம் அங்கிருந்து வருபவை. ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தில் ‘டீன் டவுன்’ என்ற பாட்டு இருக்கிறது. அதில் பேஸ், டிரம் இரண்டையும் வாசித்தது ஜாகோவே. அதைக் கேட்டுவிட்டு ‘ஈ8 பூகி’யைக் கேளுங்கள். இருபது வருட இடைவெளியில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் துரத்தியிருப்பது புரியும்.

இது ஆடுவதற்கா, உட்கார்ந்து கேட்பதற்கா?

அன்றைக்கே இதில் சண்டை இருந்தது. ஸ்கொயர்புஷர், ஏஃபெக்ஸ் ட்வின், ‘ப்ளக்’ என்ற பெயரில் லூக் வைபர்ட் முதலானோர் செய்ததை ‘ட்ரில் அண்ட் பேஸ்’ என்று தனியாகப் பிரித்தார்கள். கிளப்பில் ஆட வருபவர்களுக்கு டிரம் அடுத்து எங்கே விழும் என்று ஓரளவு முன்னமே தெரிய வேண்டும். இவர்கள் எட்டு அடிக்கு ஒருமுறை தரையை உருவிவிடுவார்கள். ‘எங்கள் இசையைக் கேலி செய்கிறார்கள்’ என்று ட்ரம் அண்ட் பேஸ் வட்டாரத்தில் சிலர் நினைத்ததும் உண்டு.

எனக்கு இதில் கேலி எதுவும் கேட்கவில்லை. ஜங்கிளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒருவர், இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்ததாகத்தான் கேட்கிறது. மற்றபடி வீட்டில் கேட்பதற்கே அதிகம் ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் கால் சும்மா இருக்காது.

எந்த ட்ராக்கில் தொடங்கலாம்?

‘பீப் ஸ்ட்ரீட்’. இரண்டாவது ட்ராக். டிரம் மிக வேகம், ஆனால் மேலே ஓடும் சிந்தசைசர் மெட்டு எளிமையானது, கொஞ்சம் ஏக்கம் கலந்தது. முதல்முறை கேட்கும்போது மெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பேஸை. மூன்றாம் முறை டிரம்மிடம் போங்கள். மூன்றையும் ஒரே தடவையில் பிடிக்க முயல்வதால்தான் பலருக்கு இது இரைச்சலாகத் தெரிகிறது.

அடுத்தது ‘பாபலோன்’. ஆல்பத்தின் நடுவில் நிதானமாக விரியும், இருண்ட நிறமுள்ள பாட்டு. ‘ஜாஸ் எங்கே?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் எப்போதும் போட்டுக்காட்டுவது இதைத்தான். அவசரம் இல்லை, சாமர்த்தியத்தைக் காட்டும் எண்ணமும் இல்லை. இப்படியொரு நிதானத்தை 22 வயதில் ஒருவர் கண்டுபிடித்தது இன்றும் வியப்பாக இருக்கிறது.

‘மேல் பில் பார்ட் 13’-உம் ஜாஸுக்கு மிக அருகில் நிற்பதுதான். ‘விக் ஆசிட்’ வேறு ஜாதி. ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டிபி-303 கருவியின் நெளியும், கீச்சிடும் ஒலி அதில் மேலோங்கி நிற்கும். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்குப் பெயர் வாங்கித் தந்த ஒலி அது. ஜாஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எது பிடிக்காமல் போகலாம்?

‘சின் ஹிப்பி’. ஒலியை வேண்டுமென்றே கிழித்துக் கரகரப்பாக்கிய ட்ராக். ‘பாபலோன்’ அமைதிக்கு முன்னால் இதை வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது, அது புரிகிறது. ஆனாலும் தனியாக எடுத்துக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. ஆல்பத்தின் முதல் பாதியில் தொய்வு என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான். தாண்டிவிட்டுக் கேட்டாலும் குற்றமில்லை.

ட்ராக் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. ஈ8 என்பது கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதியின் அஞ்சல் குறியீடு. ‘ஃபேட் கன்ட்ரோலர்’ என்பது ‘தாமஸ்’ ரயில் எஞ்சின் கதைகளில் வரும் அதிகாரியின் பெயர், இங்கிலாந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவர். அனிராக் என்பது எண்பதுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு கேம் செய்த ஆங்கில நிறுவனம். ஜாஸ் ஆல்பங்களின் கனமான தலைப்புகளுக்கு நடுவே, எழுபது எண்பதுகளில் வளர்ந்த ஒரு பையனின் அலமாரி போல இருக்கின்றன இந்தப் பெயர்கள். பாட்டைப் புரிந்துகொள்ள இவை தேவையில்லை.

அதே காலத்தில் ஜாஸையும் ட்ரம் அண்ட் பேஸையும் கலந்தவர்கள் வேறு யார்?

1997 அதற்கு வளமான வருடம். பிரிஸ்டல் நகரத்தின் ரோனி சைஸ் தன் ரெப்ரசென்ட் குழுவோடு வெளியிட்ட ‘நியூ ஃபார்ம்ஸ்’ அந்த வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசை வென்றது. ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ போட்டியில் இருந்தும் இது வென்றது. அதில் ‘பிரவுன் பேப்பர் பேக்’ பாட்டின் டபுள் பேஸ் வரியை ஒருமுறை கேட்டால் மறக்காது. மேடையில் கிளைவ் டீமர் என்ற டிரம்மர் அந்த வேகத்தை நேரடியாக வாசித்தார்.

பிரேசிலில் பிறந்த அமோன் டோபின் அதே வருடம் நிஞ்சா ட்யூன் லேபிளில் ‘பிரிகோலாஜ்’ வெளியிட்டார். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளால் கட்டிய ஆல்பம். ஸ்கொயர்புஷருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: டோபின் மற்றவர்கள் வாசித்த ஜாஸை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறார். ஜென்கின்சன் டிரம்மை அப்படி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்ல தானே பேஸை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டும் எனக்குப் பிடிக்கும். இருவரில் யார் மேல் என்ற வாதத்தில் இறங்க விருப்பமில்லை.

எல்டிஜே பூகெம், 4ஹீரோ ஆகியோர் இன்னும் மென்மையான வழியில் போனவர்கள். இரவில் வண்டி ஓட்டும்போது கேட்க அவர்கள் பொருத்தம்.

மொபைலில் கேட்டால் போதுமா?

போதாது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி திறந்த நிலையில் சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மொபைல் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. பேஸ் போய்விட்டால் மிஞ்சுவது பட்டாசுச் சத்தம்தான். அதை மட்டும் கேட்டுவிட்டு ‘தலைவலி’ என்று எழுதியவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது மனசு அடித்துக்கொள்ளும். சாதாரண விலை ஹெட்போன் ஒன்று போதும். காதுக்குள் சரியாகப் பொருந்தும் இயர்போனும் சரிதான். சத்தத்தை ரொம்ப ஏற்ற வேண்டாம். ஸ்நேரின் கூர்மை காதைக் களைப்பாக்கும், ஒரு மணி நேரம் தாங்காது.

இதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார்?

முன்னால் வந்தது ‘ஃபீட் மீ வியர்டு திங்ஸ்’ (1996). ஏஃபெக்ஸ் ட்வின் என்ற ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் நண்பரோடு சேர்ந்து நடத்திய ரெஃப்ளெக்ஸ் லேபிளில் வந்தது. பல வருடம் கிடைப்பது அரிதாக இருந்து, 2021-இல் வார்ப் மறுவெளியீடு செய்தது. அதில் ஜாஸ் இன்னும் வெளிப்படையாக இருக்கும்.

பின்னால் 1998-இல் வந்த ‘மியூசிக் இஸ் ராட்டட் ஒன் நோட்’தான் உண்மையான திருப்பம். சீக்வென்சரை மூட்டைகட்டி வைத்துவிட்டு டிரம், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தானே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தார். மைல்ஸ் டேவிஸின் மின்சாரக் காலத்தின் மூச்சு அதில் முழுக்க இருக்கிறது. ‘ஹார்ட் நார்மல் டாடி’ வெற்றி பெற்ற மறு வருடமே அந்த வெற்றியைத் தந்த முறையைக் கைவிட்டது துணிச்சல். ரசிகர்கள் சிலர் அப்போது குழம்பித்தான் போனார்கள்.

இதை மேடையில் மனிதர்கள் வாசிக்க முடியுமா?

முடியும் என்று அவரே காட்டிவிட்டார். ஷோபாலீடர் ஒன் என்ற நால்வர் குழுவோடு, முகமூடி அணிந்துகொண்டு, பழைய ட்ராக்குகளை நேரடியாக வாசித்த பதிவு 2017-இல் ‘எலெக்ட்ராக்’ என்ற பெயரில் வந்தது. பேஸ், கீபோர்டு, கிட்டார், டிரம், இவ்வளவுதான். ‘கூப்பர்ஸ் வேர்ல்டு’, ‘ஈ8 பூகி’ இரண்டும் அதில் இருக்கின்றன. துண்டுகளாக அடுக்கிய டிரம்மை ஒரு டிரம்மர் இரண்டு கை, இரண்டு காலால் வாசிப்பதைக் கேட்கும்போது, இருபது வருடமாக ஃப்யூஷன் பாட்டு ஒன்று அந்த எலெக்ட்ரானிக் சட்டைக்குள் இருந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

இதற்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. மெஷின் டிரம்மைக் கேட்டு வளர்ந்த ஜாஸ் டிரம்மர்கள் அதைக் கையால் வாசிக்கப் பழகிவிட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஜோஜோ மேயர் ‘நெர்வ்’ குழுவில் செய்வது முழுக்க இதுதான். டேவிட் போவியின் கடைசி ஆல்பமான ‘பிளாக்ஸ்டார்’ (2016) ஆல்பத்தில் டிரம் வாசித்த மார்க் ஜூலியானாவும் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்தான். கோல்மனின் ஏழு விநாடி சாம்ப்ளருக்குள் போய், துண்டாகி, வேகம் ஏறி, மறுபடி ஒரு டிரம்மரின் மணிக்கட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நான் பேஸ் கற்றுக்கொள்கிறேன். இதை வாசித்துப் பழகலாமா?

தாராளமாக. ‘எலெக்ட்ராக்’ பதிவிலிருந்து தொடங்குங்கள், அதில் பேஸ் தெளிவாகப் பிரிந்து கேட்கும். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ஆப் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். டிரம்மின் வேகத்தை எண்ணாமல் அதில் பாதியை எண்ணுங்கள். 165-ஐ 82 அல்லது 83 என்று எடுத்துக்கொண்டால் சாதாரண ஃபங்க் பாட்டின் வேகம்தான் அது. இடது கையைவிட வலது கைக்குத்தான் இங்கே வேலை அதிகம். அமுக்கி நிறுத்தும் சுரங்கள் சுத்தமாக வரும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம். ‘ஈ8 பூகி’ கைக்கு வந்ததும் ‘கூப்பர்ஸ் வேர்ல்டு’க்குப் போங்கள். அதில் கார்டு மாறும் இடங்களைத் தனியாக எழுதிவைத்துக்கொள்வது நல்லது.